ஐடி வியூ: ஒரே யூசருக்குச் சர்வருக்குச் சர்வர் வேறு யூஐடி வருவது எப்படி?

கேள்வி இதுதான்: லினக்ஸ் சர்வர்கள் எல்லாம் ஃப்ரீஐபிஏவில் (லினக்ஸ் மெஷின்களின் கணக்குகளையும் அனுமதிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மென்பொருள், சுருக்கமாக ஐபிஏ) இருக்கின்றன. ஊழியர்களின் கணக்குகள் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில். ஆக்டிவ் டைரக்டரி யூசர்களை ஃப்ரீஐபிஏ ஏற்றுக்கொள்ளும்படி இரண்டுக்கும் நடுவே ட்ரஸ்ட் போட்டிருக்கிறது. ஒரே யூசருக்கு ஒரு சர்வரில் 5012 என்றும் இன்னொரு சர்வரில் 2231 என்றும் யூஐடி (யூசரைக் குறிக்கும் எண்) வருகிறது. முன்பு இதைப் பார்த்துக்கொண்டவர் "ஐடி வியூ போட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வியூ என்பது யூசர் தகவலின் நகலா? அதில் திருத்தினால் ஆக்டிவ் டைரக்டரியில் மாறிவிடுமா? திருத்திய பிறகும் சில மெஷின்களில் பழைய எண்ணே வருவது ஏன்?

முதலில் நேரடிப் பதில். நகல் இல்லை. ஆக்டிவ் டைரக்டரியில் எதுவும் மாறாது. பழைய எண் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கேஷ், அதாவது மெஷின் முன்பே வாங்கி வைத்துக்கொண்ட பதில். அது இல்லையென்றால் அந்த மெஷினுக்கு வியூ போய்ச் சேரவே இல்லை. இனி விவரமாகப் பார்க்கலாம், ஏனென்றால் உள்ளே நடப்பது தெரியாமல் வியூவில் கை வைத்தால் ஃபைல்களின் உரிமை குழம்பிவிடும்.

ஒரே ஆள் ஒரு வீட்டில் மாப்பிள்ளை, இன்னொரு வீட்டில் சித்தப்பா. ஆள் மாறுவதில்லை, கூப்பிடுகிறவர் யார் என்பதைப் பொறுத்து முறை மாறுகிறது. ஐடி வியூ செய்வதும் அதுதான். குமரன் என்ற யூசரைப் பற்றிக் கேட்பது எந்த மெஷின் என்று பார்த்து, அதற்கேற்ற பதில் அந்த நேரத்தில் தொகுக்கப்படுகிறது. டேட்டாபேஸில் வியூ எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே வினவலைத்தான் சேமிக்கிறோம், விடையை அல்ல. இங்கேயும் சேமிப்பது 'எதை எதை மாற்றிச் சொல்ல வேண்டும்' என்ற குறிப்பை மட்டுமே.

இது எதற்காக வந்தது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். யூனிக்ஸ் குடும்பத்தில் ஒரு ஃபைலின் சொந்தக்காரர் பெயர் டிஸ்கில் எழுதப்படுவதில்லை. ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடில் சொந்தக்காரருக்காக இருப்பது ஓர் எண் மட்டும். அந்த எண் யாருடையது என்பதை ஒவ்வொரு மெஷினும் தன் வழியில் கண்டுபிடித்துக்கொள்கிறது. யூசர் பட்டியலை மெஷின்களுக்குப் பகிர்ந்த பழைய என்ஐஎஸ் முறையின் காலத்தில் ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு டொமைன் வைத்துக்கொண்டு, தோன்றிய எண்ணைக் கொடுத்து வந்தது. டெவலப்மென்ட் பக்கம் குமரனுக்கு 5012, டெஸ்டிங் லேபில் அதே குமரனுக்கு 2231. பிறகு எல்லாவற்றையும் ஒரே டைரக்டரிக்குள் கொண்டுவர வேண்டிய நாள் வரும். ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்தால், மற்ற இடத்தில் கிடக்கிற லட்சக்கணக்கான ஃபைல்களுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போய்விடும். எல்லா ஃபைல்களுக்கும் ஒரே இரவில் உரிமையை மாற்றவும் முடியாது. இந்த நெருக்கடிக்காகத்தான் 2014இல் வந்த ஃப்ரீஐபிஏ 4.1இல் ஐடி வியூ சேர்க்கப்பட்டது. ரெட் ஹேட் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு 2015இல் வெளியான 7.1 பதிப்பில் கிடைத்தது.

ஆக்டிவ் டைரக்டரியோடு ட்ரஸ்ட் போட்டால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. விண்டோஸ் உலகில் யூஐடி என்பதே கிடையாது. எஸ்ஐடி என்ற நீண்ட அடையாளம்தான். அதிலிருந்து லினக்ஸுக்கு ஓர் எண் வேண்டும். யாரும் கையால் கொடுக்காவிட்டால் அது கணக்குப் போட்டு எடுக்கப்படும். ட்ரஸ்ட் போட்ட டொமைனுக்கு 2,00,000 எண்கள் கொண்ட ஒரு வரம்பு ஒதுக்கப்படும். அந்த வரம்பின் தொடக்க எண்ணோடு எஸ்ஐடியின் கடைசித் துண்டான ஆர்ஐடியைக் கூட்டினால் யூஐடி. வரம்பு 71,24,00,000இல் தொடங்குகிறது, குமரனின் ஆர்ஐடி 1107 என்று வைத்துக்கொண்டால், அவருடைய யூஐடி 71,24,01,107. எந்த மெஷினில் கணக்குப் போட்டாலும் இதே விடைதான் வரும், எங்கேயும் எழுதி வைக்கத் தேவையில்லை. அழகான ஏற்பாடு. ஆனால் உங்கள் பழைய ஃபைல் சர்வரில் இருப்பதோ 5012.

சரி, வியூ இங்கே எப்படி நுழைகிறது? ஆக்டிவ் டைரக்டரி யூசர்களுக்கு மூன்று அடுக்கு. அடியில் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து வந்ததும், கணக்குப் போட்டு எடுத்ததும். அதற்கு மேலே 'டிஃபால்ட் ட்ரஸ்ட் வியூ'. ட்ரஸ்டுக்கான அமைப்பை நிறுவும்போது இது தானாக வந்துவிடும். எந்த மெஷினுக்கும் தனியாகப் பொருத்த வேண்டியதில்லை, அழிக்கவும் முடியாது. ஆக்டிவ் டைரக்டரி யூசர்களுக்கும் குரூப்களுக்கும் மட்டும்தான் இதில் இடம், ஐபிஏவின் சொந்த யூசர்களை இதில் சேர்க்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, குறிப்பிட்ட மெஷினுக்கென்று நீங்கள் உருவாக்கிப் பொருத்துகிற வியூ. ஒரு மெஷினுக்கு அப்படி ஒன்றுதான் இருக்க முடியும்.

உங்கள் இடத்தில் இருப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். டிஃபால்ட் ட்ரஸ்ட் வியூவில் குமரனுக்கு யூஐடி 5012, ஷெல் பாஷ், ஹோம் டைரக்டரி பழையபடி '/ஹோம்/குமரன்'. 'லேப்' என்று ஒரு வியூ. அதில் குமரனுக்கு யூஐடி 2231, வேறு எதுவும் இல்லை. இப்போது சாதாரண சர்வர் ஒன்றில் 'கெட்என்ட்' கட்டளையால் குமரனைத் தேடினால் 5012, பாஷ், பழைய ஹோம். லேப் மெஷினில் தேடினால் யூஐடி 2231. ஷெல்லும் ஹோமும்? அவை டிஃபால்ட் ட்ரஸ்ட் வியூவிலிருந்து வருகின்றன. முழுப் பெயர் இரண்டு வியூவிலும் இல்லாததால் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து வருகிறது. ஒரே வரிக்குள் மூன்று இடத்துத் தகவல். மேலடுக்கு கீழடுக்கை முழுதாக மறைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு புலமாகப் பார்த்து, மேலே இருந்தால் அதை எடு, இல்லையென்றால் ஒரு படி கீழே இறங்கு. லேப் வியூவில் குமரன் பெயரில் ஏதோ ஒரு பதிவு இருப்பதால் டிஃபால்ட் ட்ரஸ்ட் வியூவில் அவருக்கு இருப்பதெல்லாம் ரத்தாகிவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஆகாது.

ஹோம் டைரக்டரியை எதற்காக மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், ட்ரஸ்ட் வழியாக வரும் யூசர்களுக்கு இயல்பாகவே டொமைன் பெயர் நடுவில் சேர்ந்துவிடும்: ஹோம், அதற்குள் டொமைன் பெயர், அதற்குள் குமரன். பழைய ஸ்கிரிப்டுகள் எதற்கும் இது பிடிக்காது. யூஐடிக்கு அடுத்தபடியாக மக்கள் அதிகம் திருத்துவது இதைத்தான்.

எதையெல்லாம் திருத்தலாம்? லாகின் பெயர், யூஐடி, முதன்மைக் குரூப்பின் எண்ணான ஜிஐடி, பெயர் விவரம், ஷெல், ஹோம், எஸ்எஸ்எச் பொதுச் சாவி, சான்றிதழ். குரூப் என்றால் அதன் பெயரும் ஜிஐடியும், அவ்வளவே. பாஸ்வேர்டு கிடையாது, குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் கிடையாது. லாகின் பெயரை வியூவில் மாற்றினாலும் அவருடைய கெர்பரோஸ் பிரின்சிபல் (கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் அவருக்குள்ள பெயர்) பழையதேதான். அனுமதியைக் கட்டுப்படுத்தும் கருவியாக வியூவை நினைக்கவே வேண்டாம். ஒருவரை ஒரு மெஷினுக்குள் விடலாமா கூடாதா என்பது ஹெச்பேக் விதிகளின் வேலை.

இந்தத் திருத்தங்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன? ஐபிஏ தன் தகவலை வைத்திருக்கும் எல்டாப் டைரக்டரியின் மரத்தில், 'அக்கவுன்ட்ஸ்' கிளைக்குக் கீழே 'வியூஸ்' என்று தனிக் கிளை. ஒவ்வொரு வியூவும் அங்கே ஒரு பதிவு. அதற்குள் ஒவ்வொரு யூசருக்கும் ஒரு ஓவர்ரைடு பதிவு, அதாவது மாற்றிச் சொல்ல வேண்டியவற்றின் குறிப்பு. இந்தப் பதிவின் பெயரைப் பார்த்தால் முதல்முறை கொஞ்சம் திகைப்பாக இருக்கும், குமரன் என்ற சொல்லே அதில் இருக்காது. ஆக்டிவ் டைரக்டரி யூசர் என்றால் 'எஸ்ஐடி' என்று தொடங்கி அவருடைய எஸ்ஐடி முழுவதும்; ஐபிஏ யூசர் என்றால் 'ஐபிஏ' என்று தொடங்கி டொமைன் பெயரும் யூயூஐடி என்ற அவருடைய தனி அடையாளமும். இதை ஆங்கர் என்கிறார்கள். பெயர் மாறலாம், எஸ்ஐடி மாறாது. ஆக்டிவ் டைரக்டரியில் ஒருவர் திருமணத்துக்குப் பிறகு லாகின் பெயரை மாற்றிக்கொண்டாலும் அவருடைய பழைய யூஐடி அவரோடேயே போகும். இந்த ஒரு முடிவுக்காகவே வடிவமைத்தவர்களைப் பாராட்டலாம்.

அதே காரணத்தால் ஒரு குப்பையும் சேரும். ஐபிஏவின் சொந்த யூசரை அழித்தால் அவருக்கான ஓவர்ரைடுகளை ஐபிஏவே துடைத்துவிடும். ஆக்டிவ் டைரக்டரியில் ஒருவரை அழித்தால் ஐபிஏவுக்கு அந்தச் செய்தி வராது. அவருடைய எஸ்ஐடியைத் தாங்கிய பதிவு அனாதையாக அங்கேயே கிடக்கும். உடனடி ஆபத்து இல்லை, அந்த எஸ்ஐடி இன்னொருவருக்குக் கொடுக்கப்படாது. ஆனால் அந்தப் பழைய 5012ஐ யாராவது புது ஆளுக்குக் கொடுத்துவிட்டால், போனவரின் ஃபைல்கள் எல்லாம் புதியவருக்குச் சொந்தமாகிவிடும். எண்களைக் கையால் கொடுக்கிற இடத்தில் யாருக்கு எது என்று ஒரு பட்டியல் வைத்திருப்பது நல்லது.

எந்த மெஷினுக்கு எந்த வியூ என்பது வியூவின் பதிவில் இல்லை, அந்த ஹோஸ்டின் பதிவில் இருக்கிறது. ஹோஸ்டில் ஒரு புலம், 'எனக்கு ஒதுக்கப்பட்ட வியூ இது' என்று சுட்டும். இதிலிருந்துதான் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை வருகிறது. வியூவை 'ஐடிவியூ-அப்ளை' கட்டளையால் பொருத்தும்போது தனித்தனி ஹோஸ்டுகளையும் சொல்லலாம், ஹோஸ்ட் குரூப்பையும் சொல்லலாம். குரூப்பைச் சொன்னால் அந்தக் குரூப்போடு வியூ நிரந்தரமாக இணைந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. அந்த நிமிடத்தில் குரூப்பில் இருக்கிற ஒவ்வொரு ஹோஸ்டின் பதிவிலும் வியூவின் சுட்டி எழுதப்படும், அதோடு வேலை முடிந்தது. அடுத்த மாதம் லேப் குரூப்பில் புதிதாகச் சேர்க்கிற மெஷினுக்கு வியூ தானாக வராது. கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும். 'சில மெஷின்களில் மட்டும்' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வியூவைக் காட்டும் கட்டளையில் ஹோஸ்டுகளையும் காட்டச் சொல்லி ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அந்தப் பட்டியலையும் ஹோஸ்ட் குரூப் உறுப்பினர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மீதிப் பாதி கேஷ். தொகுக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். லினக்ஸ் மெஷினில் 'ஐடி குமரன்' என்று அடித்தால் அந்தக் கேள்வி எஸ்எஸ்எஸ்டி என்ற சேவைக்குப் போகிறது. ட்ரஸ்ட் யூசரின் அடையாளத் தகவலுக்காக அது ஆக்டிவ் டைரக்டரியை நேராகக் கேட்பதில்லை, ஐபிஏ சர்வரைக் கேட்கிறது. சர்வரில் இருக்கிற எஸ்எஸ்எஸ்டிதான் ஆக்டிவ் டைரக்டரியிடம் பேசி, டிஃபால்ட் ட்ரஸ்ட் வியூவை மேலே போர்த்தித் தருகிறது. மெஷினில் இருக்கிற எஸ்எஸ்எஸ்டி தன் ஹோஸ்டுக்குரிய வியூவில் குமரனின் ஆங்கருக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதைக் கடைசியாகப் போர்த்துகிறது. ஆக, கடைசித் தொகுப்பு நடப்பது அந்த மெஷினிலேயே. தொகுத்ததைத் தன் கேஷில் வைத்துக்கொள்ளும். இயல்பான அமைப்பில் ஒரு பதிவுக்கு 5400 விநாடி, அதாவது ஒன்றரை மணி நேரம் ஆயுள். இது போதாதென்று நினைவகத்தில் 300 விநாடிக்கு இன்னொரு சின்னக் கேஷ்.

இங்கே இரண்டு விதமான மாற்றங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏற்கனவே பொருத்தியிருக்கிற வியூவுக்குள் ஒரு ஓவர்ரைடை மாற்றினீர்கள் என்றால், கேஷின் ஆயுள் முடிந்ததும் புது எண் வந்துவிடும். அவசரம் என்றால் 'எஸ்எஸ்எஸ்_கேஷ்' கட்டளையால் பதிவுகளைக் காலாவதி ஆக்கலாம். ஆனால் மெஷினுக்கு வியூவையே புதிதாகப் பொருத்தினாலோ, எடுத்தாலோ, வேறு வியூவுக்கு மாற்றினாலோ, எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயன் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே வியூவை மாற்றுவதை எஸ்எஸ்எஸ்டி ஆதரிப்பதில்லை. அதன் லாகில் தேடிப் பார்த்தால், 'வியூவின் பெயர் மாறியிருக்கிறது, புதியது நடைமுறைக்கு வர எஸ்எஸ்எஸ்டியை மறுபடி தொடங்கவும்' என்கிற பொருளில் ஒரு வரியைக் காணலாம். அந்த வரி லாகில் இருக்கிறது, லாகைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. கேஷைக் காலாவதி ஆக்கிவிட்டு, சேவையை மறுபடி தொடங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 'எஸ்எஸ்எஸ்சிடிஎல்' கருவியில் கேஷை முழுதாக அழிக்கிற வசதி இருக்கிறது. நெட்வொர்க் இல்லாத நேரத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள், கேஷை நம்பி உள்ளே நுழைகிறவர்கள் எல்லோரும் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: வியூ வேலை செய்கிறதா என்பதை ஐபிஏ சர்வரிலேயே சோதிக்காதீர்கள். ஐபிஏ சர்வர்களுக்கு ஹோஸ்ட் வியூ பொருத்த முடியாது, முயன்றால் மறுத்துவிடும். அங்கே குமரனைத் தேடினால் என்றைக்கும் 5012தான். லேபுக்காக 2231 போட்டுவிட்டு, சர்வரில் பார்த்து "மாறவே இல்லையே" என்று மறுபடி மறுபடி ஓவர்ரைடு போடுகிறவர்கள் உண்டு.

எஸ்எஸ்எஸ்டியே இல்லாத பழைய சிஸ்டம்கள், சோலாரிஸ் மாதிரி, எப்படிச் சமாளிக்கின்றன என்பதும் பார்க்கத் தகுந்தது. அவற்றுக்காக ஐபிஏவில் 'கம்பாட்' என்று ஒரு மரம் இருக்கிறது. அதில் தெரிகிற பதிவுகள் டிஸ்கில் எங்கேயும் எழுதப்பட்டவை அல்ல. ஸ்லாபி-நிஸ் என்ற பிளகின் அவற்றை உருவாக்கிக் காட்டுகிறது. அந்த மரத்துக்குக் கீழே வியூவின் பெயரைச் சேர்த்துத் தேடலின் அடித்தளமாகக் கொடுத்தால், அந்த வியூ போர்த்திய யூசர்கள் கிடைப்பார்கள். இங்கே தொகுப்பது சர்வர். மெஷினுக்குத் தான் பார்ப்பது வியூ என்பதே தெரியாது. கொள்கை ஒன்றுதான், வேலை செய்கிற இடம் மட்டும் மாறுகிறது.

இப்போது ஃபைல்கள். யூஐடியை வியூவில் மாற்றினால் ஏற்கனவே இருக்கிற எந்த ஃபைலின் உரிமையும் மாறாது. பழைய எண்ணில் இருந்த ஃபைல்கள் பழைய எண்ணிலேயே நிற்கும், குமரன் தன் ஹோமுக்குள்ளேயே நுழைய முடியாமல் தவிப்பார். இதோடு சேர்த்து ஜிஐடியையும் பாருங்கள். யூஐடிக்கு மட்டும் ஓவர்ரைடு போட்டால் முதன்மைக் குரூப்பின் எண் கீழடுக்கில் இருந்ததே வரும். குமரன் புதிதாக உருவாக்குகிற ஃபைலில் சொந்தக்காரர் 2231, குரூப் மட்டும் எழுபத்தொரு கோடியில் ஒரு எண். ஜிஐடிக்கும் ஓவர்ரைடு போட்டுவிட்டு அந்த எண்ணில் ஒரு குரூப் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், 'ஐடி' கட்டளை பெயரில்லாமல் வெறும் எண்ணைக் காட்டும். குரூப்புக்கும் தனியாக ஓவர்ரைடு தேவைப்படலாம்.

நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் இருந்தால் இன்னும் கவனம். கெர்பரோஸ் இல்லாத சாதாரண என்எஃப்எஸ்ஸில் லேப் மெஷின் சர்வருக்கு அனுப்புவது எண்ணை மட்டும். லேபில் குமரன் 2231, அந்த எண் அப்படியே போய், சர்வரில் 2231 யாரோ அவருடைய ஃபைலைத் திறக்கும். சர்வரில் 2231 வேறொருவர் என்றால், வினையே அதுதான். கெர்பரோஸோடு ஓடுகிற என்எஃப்எஸ்ஸில் சர்வர் எண்ணை நம்புவதில்லை. வந்திருப்பது இந்தப் பிரின்சிபல் என்று தெரிந்துகொண்டு, தன் பக்கத்து வியூவின்படி குமரனின் யூஐடியை எடுத்துக்கொள்கிறது. சர்வர் சாதாரண மெஷின் என்றால் அது 5012. அப்போது லேபில் உட்கார்ந்து குமரன் எழுதுகிற ஃபைலும் சர்வரின் டிஸ்கில் 5012 என்றே பதிவாகும். வேறு வேறு வியூ உள்ள மெஷின்களுக்கு நடுவே பகிர்வு வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் கெர்பரோஸ் வழியாக மட்டும் வையுங்கள்.

வேகமும் கொஞ்சம் குறையும். வியூ இல்லாதபோது ஒரு குரூப்பில் யார் யார் என்று கேட்டால், குரூப்பின் பதிவில் இருக்கிற உறுப்பினர் பட்டியலிலிருந்தே பெயர்களை எடுத்துவிடலாம். வியூ வந்துவிட்டால் ஒவ்வொருவரின் பெயரும் மாற்றப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். பெரிய குரூப்கள் உள்ள இடத்தில், கேஷைத் துடைத்துவிட்டு முதல் முறை லாகின் செய்யும்போது இந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியும்.

வேறு அடையாள மேலாண்மை மென்பொருளில் பழகிவிட்டு வருகிறவர்கள் குழம்புகிற இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும், "வியூவில் திருத்தினால் மூலம் மாறுமா" என்ற கேள்வியே அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். வேவ்செட் என்று ஒரு மென்பொருள் இருந்தது. அமெரிக்காவின் ஆஸ்டினில் தொடங்கிய நிறுவனத்தை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அதை ஐடென்டிட்டி மேனேஜர் என்ற பெயரில் விற்றார்கள், 2010இல் சன்னே ஆரக்கிளிடம் போய்ச் சேர்ந்தது. அதில் வியூ என்பதுதான் மையம். யூசர் வியூவைக் கேட்டால், தன் களஞ்சியத்தில் இருக்கிற யூசர் பதிவையும், ஆக்டிவ் டைரக்டரி, டேட்டாபேஸ் என்று அவருக்குக் கணக்கு இருக்கிற ஒவ்வொரு இடத்திலிருந்தும் எடுத்த தகவலையும் சேர்த்து ஒரே பெரிய கட்டமைப்பாகக் கையில் கொடுக்கும். ஒவ்வொரு கணக்கின் புலங்களும் அந்தந்தக் கணக்கின் பெயருக்குக் கீழே. எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவானவை 'குளோபல்' என்ற பெயருக்குக் கீழே. திரையில் தெரிகிற படிவத்தின் ஒவ்வொரு பெட்டியும் இந்தக் கட்டமைப்பில் ஒரு பாதையைச் சுட்டும். இதை எடுப்பதை செக்-அவுட் என்பார்கள், திருத்தித் திரும்பக் கொடுப்பதை செக்-இன் என்பார்கள்.

அந்த வியூவும் எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை, அதுவரை ஒற்றுமை. ஆனால் செக்-இன் செய்தால் திருத்தம் ஒவ்வொரு மூலத்துக்கும் போய் எழுதப்படும். குளோபலில் ஒரு முறை மின்னஞ்சலை மாற்றினால், அந்தப் பெயரில் புலம் வைத்திருக்கிற எல்லாக் கணக்குகளிலும் மாறும். அது எழுதுவதற்கான வியூ. ஃப்ரீஐபிஏவில் இருப்பது படிக்கிறவருக்கான வியூ. திருத்தம் தன் கிளையிலேயே நின்றுவிடும், மூலத்தைத் தொடவே தொடாது. எந்த மென்பொருளில் 'வியூ' என்ற பெயரைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: தொகுப்பது யார், எழுதினால் எங்கே போகிறது. கையேட்டின் முதல் பக்கத்தில் இது இருக்காது, நடுவில் எங்காவது ஒளிந்திருக்கும்.

ஃப்ரீஐபிஏவிலும் ஒரு விதிவிலக்கான போக்கு உண்டு. டிஃபால்ட் ட்ரஸ்ட் வியூவில் இருக்கிற ஓவர்ரைடு பதிவு வெறும் திருத்தக் குறிப்பாக மட்டும் நின்றுவிடவில்லை. ஆக்டிவ் டைரக்டரி யூசருக்கு ஐபிஏவின் எல்டாப்பில் சொந்தப் பதிவு கிடையாதே, அவர் ஐபிஏவின் வெப் திரைக்குள் நுழைய வேண்டுமென்றால் எந்தப் பதிவின் பெயரில் நுழைவது? ஓவர்ரைடு பதிவின் பெயரில். பின்னால் வந்த பதிப்புகளில் அந்தப் பதிவையே அட்மின்ஸ் குரூப்பில் சேர்த்து, அவரை ஐபிஏ நிர்வாகி ஆக்கவும் வழி வந்தது. ஆகவே டிஃபால்ட் ட்ரஸ்ட் வியூவில் எந்தப் புலமும் நிரப்பாத ஒரு வெற்று ஓவர்ரைடைப் பார்த்தால் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். யாரோ ஒரு நிர்வாகியின் நுழைவுச்சீட்டாக இருக்கலாம்.

உங்கள் இடத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டால், டிஃபால்ட் ட்ரஸ்ட் வியூவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட் வியூவைக் காலப்போக்கில் ஒழித்துவிடுங்கள். மெஷினுக்கு மெஷின் எண் மாறுகிற ஏற்பாடு இடம் மாறுகிற காலத்துக்குத்தான் சரி. பேக்கப், என்எஃப்எஸ், கன்டெய்னர் என்று எண்ணை மட்டும் பார்க்கிற ஒவ்வொரு கருவியும் அதில் தடுக்கி விழும். லேபில் யாரெல்லாம் வேறு எண்ணில் இருக்கிறார்கள் என்று ஓவர்ரைடு பட்டியலை எடுங்கள். அந்த மெஷின்களில் 2231 போன்ற எண்களில் இருக்கிற ஃபைல்களை 'ஃபைண்ட்' கட்டளையில் யூஐடி கொடுத்துத் தேடி, புது எண்ணுக்கு மாற்றுங்கள். ஒருவரின் புது எண் இன்னொருவரின் பழைய எண்ணாக இருந்தால் வரிசை முக்கியம். முதலில் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடைக்கால எண்ணுக்கு நகர்த்திவிட்டு அப்புறம் சரியான எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வேலை நடக்கும்போது அந்த யூசர்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது, அவர்கள் பெயரில் ஓடுகிற கிரான் வேலைகளும் நிற்க வேண்டும். பிறகு 'ஐடிவியூ-அன்அப்ளை' கட்டளையால் அந்த மெஷினிலிருந்து மட்டும் வியூவை எடுத்து, கேஷைத் துடைத்து, எஸ்எஸ்எஸ்டியை மறுபடி தொடங்கி, 'ஐடி குமரன்' 5012 என்று சொல்கிறதா பாருங்கள். ஒரு மெஷினில் ஒரு வாரம் ஓடட்டும், அப்புறம் அடுத்தது. வியூவின் பதிவைக் கடைசி மெஷின் கழன்ற பிறகும் உடனே அழிக்க வேண்டாம். எந்த எண் யாருடையது என்று சொல்கிற ஒரே ஆவணம் அதுவாக இருக்கலாம். பழைய பேக்கப் டேப்பிலிருந்து எதையாவது மீட்டால் அதில் 2231 என்றுதான் இருக்கும்.